முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குவது ஏன்? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபி பார்ப்பவள். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தேன். அம்மா 22 வருஷம் பால்மரம் வெட்டியவர். 51 வயதில் அவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) வந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, நாங்கள் எல்லாரும் டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கும் கைகால் குடைச்சல்தான். அது முடக்குவாதம்தானா?

எல்லா மூட்டுவலியும் முடக்குவாதம் ஆகாது. முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, கால் பெருவிரல் ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கும் கவுட் வேறு. முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகளைப் பிடிக்கும். விரல் கணு, மணிக்கட்டு, பாதம் வீங்கும். காலையில் எழுந்தால் கை மடங்காது; அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள் கண்டுபிடிக்க உதவும். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி உறுதி செய்த பிறகு தொடர்ந்து படியுங்கள்.

மூட்டில் வரும் நோய் மூச்சை எப்படித் தொடும்?

இந்த நோய் மூட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் மூட்டோடு நிற்பதில்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குகிறது. மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது. அந்த அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. நுரையீரல், இதயம், கண், தசை எதையும் அவை தொடலாம். மூச்சு வாங்குவதற்குப் பல வழிகள் உண்டு. நான் இங்கே அதிகம் பேசப்போவது தசையைப் பற்றி. நுரையீரலுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், இதயத்துக்கு இசிஜி எடுக்கிறார்கள். மூச்சை இழுக்கும் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளப்பது மட்டும் அபூர்வமாக இருக்கிறது.

மூச்சுத் தசை என்றால் எது? நுரையீரல்தானே மூச்சு விடுகிறது?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதை விரிப்பது தசை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்த மாதிரி ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பெயர். அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நெஞ்சுக்குள் இடம் கூடும், காற்று உள்ளே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பங்கை இந்த ஒரு தசையே செய்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் கூட நின்று உதவுகின்றன. மேடு ஏறும்போதோ, வேகமாக நடக்கும்போதோ கழுத்துத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். இருமவும் பலமாக ஊதவும் வயிற்றுத் தசை வேண்டும்.

நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20,000 தடவைக்கு மேல். கை தசைக்கு ராத்திரி ஓய்வு கிடைக்கும். உதரவிதானத்துக்கு அந்த ஓய்வும் கிடையாது.

சரி, அந்தத் தசை ஏன் பலம் குறைகிறது?

ஒரு காரணம் சொல்லி முடிக்க முடியாது.

முதலில் அழற்சி. டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்கள் தசையில் இருக்கும் புரதத்தை உடைக்கின்றன. உடம்பின் எடை அப்படியே இருக்கும், சில பேருக்குக் கூடவும் செய்யும். ஆனால் உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். முடக்குவாதத்தில் வரும் தசை வற்றல் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. 'அம்மா குண்டாகத்தானே இருக்காங்க, பலம் எப்படிக் குறையும்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். இப்படித்தான் குறைகிறது.

அடுத்தது அசையாமல் இருப்பது. கால் வலிக்கிறது என்று நடை குறைகிறது. நடை குறைந்தால் ஆழமாக மூச்சிழுக்க வேண்டிய வேளையே வருவதில்லை. ஆழமாக இழுக்காத தசை மெல்ல மெல்ல அந்த வேலையை மறந்துவிடுகிறது. எங்கள் அம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். விடியற்காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை நிரையாக வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா கம்பில் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியவர். அந்த நெஞ்சுக்கு அது தினப்படி பயிற்சி. நோய் வந்த மூன்று வருஷத்தில் அவருடைய தூரம் சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் சுருங்கிப்போனது.

மூன்றாவது நெஞ்சுக்கூடு. விலா எலும்புகள் முதுகெலும்போடும் மார்பெலும்போடும் சேரும் இடமெல்லாம் சின்னச் சின்ன மூட்டுகள்தான். அங்கேயும் வீக்கமோ இறுக்கமோ வந்தால் கூடு சரியாக விரியாது. கூன் விழுந்தாலும் அப்படித்தான். இறுகிய கூட்டை விரிக்கத் தசை அதிகம் பாடுபட வேண்டும்.

நான்காவது ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கக் கொடுக்கும் மருந்து. பிரட்னிசோலோன் மாத்திரையைப் பெரிய அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் தொடை, தோள் தசைகள் பலவீனமாகும். மூச்சுத் தசையையும் அது விட்டுவைப்பதில்லை.

அப்படியென்றால் ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால், உடம்பு தானே சுரக்க வேண்டியது சுரக்காமல் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை, படிப்படியாகத்தான் குறைப்பார். நோய் கட்டுக்குள் இல்லாமல் அழற்சி ஓடிக்கொண்டிருந்தாலும் தசை வற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்), கைபேசி வழியாகவும், 'மூன்றே நாளில் மூட்டுவலி போகும்' என்று ஜாமு என்ற நாட்டு மருந்தும் மூலிகை உருண்டையும் விற்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்த இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வலி அதிசயமாக நின்றால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்வார்.

மூச்சுத் தசை சோர்ந்தால் கால் ஏன் சோர்கிறது? எனக்கு நெஞ்சைவிடக் கால்தான் முதலில் தளர்கிறது.

இந்தக் கேள்வியை ஒரு பாட்டி கேட்டார், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உடம்பில் இரத்தத்துக்கு ஒரு பங்கீடு இருக்கிறது. மூச்சுத் தசை கடுமையாக வேலை செய்து களைக்கும்போது அதிலிருந்து ஒரு செய்தி மூளைக்குப் போகிறது. உடனே கால் பக்கம் போகும் இரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன. மூச்சு நின்றால் உயிர் இல்லை என்பதால் உடம்பு மூச்சுக்கு முதலிடம் கொடுத்துக் காலுக்குக் குறைத்துக்கொள்கிறது. கால் சீக்கிரம் களைக்கிறது. வெளியில் பார்ப்பவருக்கு அது 'கால் வலி' என்று தெரியும். உள்ளே கணக்கு வேறு.

முடக்குவாதக்காரர்களிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நோய் இல்லாதவர்களோடு வைத்துப் பார்த்தபோது, மூச்சை இழுக்கும் பலமும் உடற்பயிற்சித் திறனும் இவர்களுக்குக் குறைவாக இருந்ததை அவை காட்டியிருக்கின்றன. நுரையீரல் பரிசோதனை நன்றாக இருந்தவர்களிடமும் இந்தக் குறை தெரிந்திருக்கிறது.

ஸ்பைரோமெட்ரி எடுத்தோம், 'நார்மல்' என்றார்கள். அப்புறம் என்ன?

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். அம்மா பாத்திரம் துலக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாங்களே முதலில் 'வயசாச்சும்மா' என்றோம். போன இடத்தில் காஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி எல்லாம் எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, பயம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்போது நான் பிசியோ படித்து முடித்திருந்தேன். என் கண்ணெதிரே நடந்ததை நானே கவனிக்கவில்லை என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

ஸ்பைரோமெட்ரி எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று பார்க்கிறது. தசை ஓரளவு பலவீனமாகிற வரைக்கும் அந்த எண் பெரிதாக இறங்காது. தசையின் பலத்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். வாயில் ஒரு குழாயை வைத்து, மூக்கைக் கிளிப் போட்டு மூடி, காற்று வராத குழாயிலிருந்து முழு பலத்தோடு உறிஞ்சச் சொல்வார்கள். எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறீர்கள் என்று கருவி காட்டும். இது உச்ச உள்மூச்சு அழுத்தம். இதேபோல ஊதியும் அளப்பார்கள். அளவு செ.மீ. நீர் என்ற கணக்கில் வரும். பொதுவாகப் பெண்களுக்கு 70, ஆண்களுக்கு 80 தாண்டினால் பெரிய பலவீனம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வயது கூடினால் எண் இயல்பாகவே குறையும், அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பயந்துவிட வேண்டாம். உதடு குழாயைச் சரியாக மூடாவிட்டாலும் எண் குறைவாக வரும். முடக்குவாதத்தில் தாடை மூட்டும் வலிக்கும் என்பதால் இதைக் கருவி பிடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று நான்கு தடவை செய்து நல்ல எண்ணை எடுப்பார்கள்.

இந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. இல்லாவிட்டால் அடுத்த கேள்வியில் சொல்வதைச் செய்யலாம்.

ஆறு நிமிட நடை என்கிறார்களே, அது என்ன?

மிக எளிமையான, மிக நேர்மையான பரிசோதனை. 30 மீட்டர் நீளமுள்ள தட்டையான நடைபாதை, இரு முனையிலும் ஓர் அடையாளம், ஒரு கடிகாரம். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று பார்ப்பது. களைத்தால் நிற்கலாம், சாயலாம், மறுபடி நடக்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நடக்கும் முன்னும் பின்னும் விரலில் ஆக்சிஜன் அளவும் நாடியும் பார்ப்பார்கள். மூச்சிளைப்பை 0 முதல் 10 வரை நீங்களே சொல்ல வேண்டும். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்கவே முடியாது.

அந்த மூச்சிளைப்பு எண்ணும் கால் களைப்பு எண்ணும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. முடக்குவாதக்காரரை எது நிறுத்தியது, மூட்டா, மூச்சா என்று அதில்தான் தெரியும். அம்மா முதல் தடவை 290 மீட்டர் நடந்தார். முழங்கால் வலியால் நின்றிருப்பார் என்று நினைத்தேன். கேட்டால், 'காலு பரவாயில்லடி, நெஞ்சுதான் முட்டுது' என்றார்.

அடுத்த தடவை அளக்கும்போது 30 மீட்டர் அளவுக்குக் கூடினால் அது பெயருக்குக் கூடியது இல்லை, உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

மூச்சு வாங்கினால் அது தசைப் பலவீனம்தான் என்று நினைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நுரையீரல் திசுவே தடித்து வடுவாகும் நோய் வருகிறது. ஆண்களுக்கும், புகை பிடித்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வறட்டு இருமல், நாளுக்கு நாள் கூடும் இளைப்பு, நடந்தால் இறங்கும் ஆக்சிஜன் இதன் அடையாளம். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம், சிடி ஸ்கேனில் தெரியும். இதய நோய் வரும் ஆபத்தும் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெஞ்சு இறுக்கம், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இரத்தச் சோகையும் இந்த நோயோடு சேர்ந்தே வரும். இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தம் சோதியுங்கள்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இரண்டாவது, அபூர்வமாகச் சிலருக்கு அது நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். சில நாளிலேயே காய்ச்சல், வறட்டு இருமல், இளைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

குரல்வளையிலும் ஒரு சின்ன மூட்டு இருக்கிறது, அதையும் இந்த நோய் பிடிக்கும். குரல் கரகரத்து, மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அதேபோல உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், நெஞ்சு வலி வந்தாலும் 999க்கு அழையுங்கள்.

இவை எல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகும் இளைப்பு இருந்தால், அப்போது தசையைப் பற்றிப் பேசலாம்.

மூச்சுத் தசைக்குப் பயிற்சி உண்டா? மூன்று பந்து வைத்த கருவி எங்கள் வீட்டில் இருக்கிறது.

மூன்று பந்துக் கருவியை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுப்பார்கள். ஆழமாக இழுக்கப் பழக்கும், அது நல்லதுதான். ஆனால் தசைக்குப் பலம் கூட வேண்டுமானால் தடை வேண்டும், பளு தூக்குவது மாதிரி. அதற்கு வேறு கருவி இருக்கிறது. உள்ளே ஒரு வில்லும் வால்வும் இருக்கும். குறிப்பிட்ட அழுத்தம் கொடுத்து இழுத்தால்தான் வால்வு திறக்கும். ஒரு வகைக் கருவியில் 9 முதல் 41 செ.மீ. நீர் வரை திருகி வைக்கலாம்.

பொதுவாக உங்கள் உச்ச அழுத்தத்தில் 30 விழுக்காட்டில் தொடங்குவோம். உங்கள் எண் 60 என்றால் 18. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கை மூடி, வேகமாகவும் பலமாகவும் இழுத்து, மெதுவாக விடுவது. 30 மூச்சு ஒரு வேளை, காலை மாலை இரண்டு வேளை, வாரத்துக்கு ஐந்து நாளாவது. தொடக்கத்தில் 10 மூச்சு இழுத்து ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 10 என்று பிரித்துக்கொள்ளலாம். எளிதாகிவிட்டால் திருகைக் கொஞ்சம் கூட்டுவது. தலை சுற்றினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்தி ஓய்வெடுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு வலுவான ஆதாரம் இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும், இதயம் பலவீனமானவர்களிலும். முடக்குவாதத்தில் செய்த ஆய்வுகள் குறைவு. அதனால் இதை மட்டும் செய்தால் போதும் என்று சொல்லமாட்டேன். நடையோடும் கைகால் பயிற்சியோடும் சேர்த்துச் செய்ய வேண்டியது. தசையின் எண் குறைவாக இருப்பவருக்குத்தான் பலன் எதிர்பார்க்கலாம். நல்ல பலம் உள்ளவர் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

நுரையீரலில் காற்று கசிந்து சிகிச்சை எடுத்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

விரல் மடங்கவில்லை. கருவியை எப்படிப் பிடிப்பது?

ஒரு பழைய துண்டைக் கருவியின்மேல் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். பிடி தடிக்கும், விரல் அதிகம் மடங்க வேண்டியதில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, வாயைக் கருவிக்குக் கொண்டுவரலாம். திருகைத் திருப்ப வலித்தால் வீட்டில் யாராவது திருப்பிக் கொடுக்கட்டும். மூக்குக் கிளிப் அழுத்த முடியாதவர்கள் கிளிப் இல்லாமலே வாயால் மட்டும் இழுக்கப் பழகலாம்.

கருவி வாங்க வசதி இல்லை. பிராணாயாமம் செய்யலாமா? பலூன் ஊதலாமா?

மெதுவான ஆழ்ந்த மூச்சு தாராளமாகச் செய்யலாம். சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது கை மேலே எழ வேண்டும், தோள் எழக்கூடாது. உதட்டைக் குவித்து, சூடான மைலோவை ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊதி விடுங்கள். ஐந்து நிமிடம், இரண்டு மூன்று வேளை. இது நெஞ்சுக்கூட்டைத் தளர்த்தும், இளைப்பில் வரும் பதற்றத்தைக் குறைக்கும். தசைக்குப் பளு கொடுக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பலூனை ஊதுவது வெளிமூச்சுத் தசைக்கான வேலை, உள்ளே இழுக்கும் தசைக்கு இல்லை. வேகவேகமாக வயிற்றை உதறும் கபாலபாதி போன்றவற்றை இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கழுத்தை வளைக்கும், தலையை ஊன்றும் ஆசனங்கள் முடக்குவாதக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். நீண்ட நாள் நோயில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள கட்டு தளர்ந்திருக்கலாம். தலையைக் குனிந்தால் கையில் ஷாக் அடித்த மாதிரி ஓடினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடந்தால் மூட்டு இன்னும் தேயாதா?

இந்தப் பயம் மண்டபத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காலத்திலிருந்து 'ரெஸ்ட் எடு' என்றே கேட்டு வளர்ந்தோம். ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நெதர்லாந்தில் முடக்குவாதம் உள்ள 300க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வருஷம் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு தடவை, ஒன்றேகால் மணி நேரம், நன்றாக வேர்க்கும் அளவுக்குப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய நடமாடும் திறன் கூடியது, நோய் கிளம்பவில்லை. இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் முன்பே மிகவும் கெட்டுப்போனவர்களிடம் மட்டும் சேதம் கூடும் போக்கு தெரிந்தது. அவர்களுக்குத் தண்ணீரில் நடப்பது, சைக்கிள் மிதிப்பது நல்லது. மற்றவர்கள் நடக்கலாம்.

எவ்வளவு நடக்க வேண்டும், எப்போது?

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் என்பது பொதுவான இலக்கு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்மா தொடங்கியது ஒரு வேளைக்கு மூன்று நிமிடம். வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டினோம். வேகத்துக்கு ஒரு கணக்கு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேச முடியாவிட்டால் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் கைகால் தசைக்கான பயிற்சியும் சேரட்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

விடியற்காலை நடைதான் நல்லது என்று ஊரே சொல்லும். முடக்குவாதக்காரருக்குக் காலையில்தான் மூட்டு இறுகியிருக்கும். வெந்நீரில் குளித்து, இறுக்கம் விட்டபிறகு நடங்கள். இல்லையென்றால் மாலை ஆறு மணி எங்களுக்கு நல்ல நேரம். இங்கே ஏழு மணி தாண்டித்தான் இருட்டும், வெயிலும் தாழ்ந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டால் கோயில் பிராகாரமோ கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடையோ இருக்கிறது. ஜப்பான் சிலிப்பரில் நடக்காதீர்கள், பின்பட்டை உள்ள மெத்தென்ற காலணி வேண்டும்.

புகைமூட்டம் வந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். குப்பை எரிக்கும் பக்கத்து வீட்டாரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் புகை பிடிக்கிறவர் இருந்தால், அவர் விடவேண்டிய முதல் காரணம் இந்த நோயாளிதான். முடக்குவாதம் வருவதற்கும், அது நுரையீரலைப் பிடிப்பதற்கும், தவிர்க்கக்கூடிய காரணங்களில் புகையிலை முன்னால் நிற்கிறது. தோட்டத்தைவிட்டுத் துணி ஆலைக்கும் தையல் தொழிற்சாலைக்கும் போன நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வு, துணித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு முடக்குவாதம் கூடுதலாக வந்ததை 2016இல் காட்டியது. முகக்கவசத்தைச் சடங்குக்குப் போடாமல் மூக்கு மூடப் போடுங்கள்.

மூட்டு வீங்கிச் சுடும் நாளில்?

அந்த மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், மற்றதை மெதுவாக அசையுங்கள். மூச்சுப் பயிற்சியை மட்டும் விடவேண்டாம். அது உட்கார்ந்தே செய்யக்கூடியது. காய்ச்சல் இருந்தால் எல்லாப் பயிற்சியையும் நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் ஏதாவது?

தசைக்குப் புரதம் வேண்டும். நம் பெரியவர்கள் பல பேர் ராத்திரிக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு காப்பியும் குடித்துப் படுக்கிறார்கள். முட்டை, பருப்பு, மீன், நெத்திலி, தெம்பே, தயிர் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போய் ஆரம்பிப்பது?

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளியில் (ரிங்கிட்டில்). 'வயசுதான்' என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். 'எனக்கு முடக்குவாதம் இருக்கிறது, முன்பு நிற்காமல் நடந்த தூரத்தை இப்போது இரண்டு தடவை நின்று நடக்கிறேன்' என்று தூரத்தை வைத்துச் சொல்லுங்கள். எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை என்று சொன்னால்கூடப் போதும். சாப்பிடும் எல்லா மருந்தையும், ஜாமு உட்பட, பையில் போட்டு எடுத்துப்போங்கள். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஈப்போவில் மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. கிளினிக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிக்குள்தான். பிசியோவுக்கும் ஒரு கடிதம் கேளுங்கள். யாரும் தானாக எழுதித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு நிமிட நடை செய்ய முடியுமா, மூச்சுத் தசையை அளக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எத்தனை நாளில் தெரியும்? நடுவில் விட்டுவிட்டால்?

ஆறு முதல் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். விட்டால் சேர்த்த பலம் சில மாதத்தில் கரையும். ஆனால் மறுபடி ஆரம்பிக்கலாம், அதற்குத் தடை ஒன்றுமில்லை.

அம்மா சமையல்கட்டுக் காலண்டரில் தினமும் பென்சிலால் கோடு போடுகிறார். தோட்டத்தில் பால் கணக்கு எழுதிய பழக்கம் அது. காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு. விட்ட நாளில் கட்டம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து என்னிடம் காரணம் சொல்வார். பத்து வாரம் கழித்து மறுபடி நடக்கவைத்தேன், 340 மீட்டர். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பசாரிலிருந்து வீடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். வழியில் பழைய சிநேகிதி ஒருவரைப் பார்த்து, நின்று கதை பேசிவிட்டு, பிறகு நடந்துகொண்டே அந்தக் கதையை எனக்கு முழுசாகச் சொன்னார். எங்கேயும் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவில்லை.